அக்காவுக்கு அனுப்பிய மூவாயிரம்

இந்தப் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது கேள்வி-பதில் பக்கத்தைத்தான். வாழையில் வாடல் நோய், நெல்லில் புகையான், மாட்டுக்குக் கோமாரி என்று யாராவது ஒருவர் நம் வீட்டுப் பிரச்னையையே கேட்டிருப்பார். நான் கேட்க நினைத்த கேள்வி அந்தப் பக்கத்துக்குப் பொருந்துமா என்று தெரியாமல் எழுதாமலே விட்டுவிட்டேன். 'கூடப் பிறந்தவளுக்கு ஃபோனில் பணம் அனுப்புகிறேன். அது அவளுக்கே தொந்தரவாக முடியாமல் எப்படி அனுப்புவது?' என்பதுதான் என் கேள்வி. ஆறு மாதம் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் நெல், மீதியில் வாழை. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் கார், பிசானம் இரண்டு பூவும் உண்டு. இல்லாவிட்டால் பிசானம் மட்டும்தான். அக்கா ஆற்றுக்கு அக்கரையில், முக்கூடலில் இருக்கிறாள். அத்தான் தவறி எட்டு வருடம் ஆகிறது. பீடி சுற்றித்தான் பிள்ளையை ஆளாக்கினாள். இப்போது வயது 62. மகன், மருமகள், பேத்தியோடு ஒரே வீட்டில் இருக்கிறாள்.

வாழைத்தார் வெட்டிய வாரம் நான் முக்கூடலுக்குப் பஸ் ஏறுவது வழக்கம். ஒரு சீப்புப் பழம், கொஞ்சம் பச்சரிசி எடுத்துப்போவேன். நோட்டை நாலாக மடித்து வைத்திருந்து, அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் கையில் திணிப்பேன். "எதுக்குட்டி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் சொருகிக்கொள்வாள். எவ்வளவு என்று அவளும் எண்ணிப் பார்க்க மாட்டாள், நானும் கணக்கு வைத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் எனக்கு ஃபோனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்தாள். அதிலிருந்து பஸ் பயணம் குறைந்துபோனது. போய்வந்தால் அரை நாள் கெடும். ஃபோனில் அரை நிமிடம்தான். எனக்குப் பெரிய நிம்மதி.

வரப்பில் நின்று அனுப்பியது

போன ஐப்பசியில் பிசான நடுகை நடந்துகொண்டிருந்தது. அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், பீடிக் கூலியில் சேர்த்தது போக ஒரு மூவாயிரம் குறைகிறது என்றாள். நான் வரப்பில் நின்றபடியே அனுப்பிவிட்டேன். எதற்கென்று குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதில் 'கண் ஆபரேஷனுக்கு' என்று எழுதினேன். மகள் சொல்லிக்கொடுத்தபடி சரியாகச் செய்தோம் என்று எனக்கு ஒரு பெருமைகூட.

அதற்குப் பிறகு அக்கா என் ஃபோனை எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம். எட்டாம் நாள் அவள் மகன்தான் பேசினான்.

"சித்தி, அம்மைக்கு ஆபரேஷன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. உங்ககிட்ட துட்டு கேட்டுருக்கா. நான் என்ன செத்தா போனேன்?"

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் புரிந்தது. பீடிக் கூலியை இனி வங்கிக் கணக்கில் போடுவோம் என்று சொன்னபோது அக்கா கணக்குத் திறந்தாள். அப்போது அவளுக்கென்று ஃபோன் இல்லை. படிவத்தில் மகன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அதனால் அவள் கணக்கில் எது விழுந்தாலும் குறுஞ்செய்தி அவன் ஃபோனுக்குத்தான் போகும். அவள் கணக்கை அவன் ஃபோனிலேயே யுபிஐ-யில் இணைத்தும் வைத்திருந்தான். ரகசிய எண்ணும் அவன் போட்டதுதான். மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அதே கணக்குக்குத்தான் வருகிறது.

அந்த வாரம் அவனுக்கு பைக் தவணை கட்ட வேண்டியிருந்திருக்கிறது. "அடுத்த மாசம் தாரேன்மா" என்று சொல்லி அந்த மூவாயிரத்தை எடுத்துக் கட்டிவிட்டான். கெட்ட பிள்ளை இல்லை. சுமை வண்டி ஓட்டுகிறான், குடிக்க மாட்டான். தாய் தன்னிடம் கேட்காமல் தங்கையிடம் கேட்டாளே என்ற ரோஷம் ஒரு பக்கம், தவணை மறு பக்கம். அடுத்த மாதம் அவனால் தர முடியவில்லை. ஐப்பசியில் நடக்க வேண்டிய ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. இலையில் தூள் வைத்துச் சுருட்டுவதை அவள் கை பார்த்துக்கொள்ளும். ஆனால் நூல் கட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல், சுற்றுகிற பீடி எண்ணிக்கையும் குறைந்தது. அந்தக் குறைச்சலும் அவள் கூலியில்தான் விழுந்தது.

நான் முக்கூடலுக்குப் போனேன். மருமகள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அக்கா வாய் திறந்தாள்.

"நீ துட்டு அனுப்புனது தப்பில்லட்டி. எப்படி அனுப்பட்டும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரை நாள் மிச்சமானது எனக்கு. அதற்கான விலையைக் கொடுத்தது அவள்.

ஆச்சியின் புறவாசல்

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆச்சி நினைப்பு வந்தது. எங்கள் சின்ன வயதில் சித்தப்பா பம்பாயில் இருந்தார். நம் மாவட்டத்து ஆட்கள் தாராவிக்குப் பிழைக்கப் போன காலம் அது. மாதம் ஒரு மணியார்டர் வரும். 1880-லிருந்து இந்த நாட்டில் மணியார்டர் உண்டு. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் அதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. தபால்காரர் தெருமுனையிலேயே "ஆச்சி, பம்பாய்த் துட்டு வந்திருக்கு" என்று குரல் கொடுப்பார். திண்ணையில் உட்கார்ந்து தாளில் எழுதியிருப்பதை உரக்க வாசிப்பார். ஆச்சி கைநாட்டு வைக்க, சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார். சாயங்காலத்துக்குள் கைமாத்து கேட்டு இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள்.

ஆச்சி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தபால்காரரிடம், "அய்யா, தெருவுல கூப்பாடு போடாதீரும். புறவாசல் வழியா வாரும், மோர் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவர் புறவாசலுக்கு வந்து மோர் குடித்துவிட்டுச் சத்தம் இல்லாமல் கொடுத்துவிட்டுப் போவார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தன் பணம் தன்னிடம் எந்த வழியாக வர வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்தாள். நான் என் அக்காவுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

பெண்கள் பணத்தை மறைத்து வைப்பது புருஷனை ஏமாற்றுவதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் சிறுவாடு என்று ஒரு சொல்லே இருக்கிறது. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் அந்தப் பணம்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியிலும், உரம் வாங்கக் கை கடிக்கிற நேரத்திலும் வெளியே வரும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எங்கள் அம்மா மறுநாள் காலையில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து அடுப்படித் தரையில் வைத்தாள். உள்ளே 500 ரூபாய் நோட்டுகள் இருபத்து மூன்று இருந்தன. அண்ணன் மலைத்துப்போய் நின்றான். அம்மா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, திருடிப் பிடிபட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பணம் அண்ணன் கணக்கில் போடப்பட்டது. ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அண்ணனிடம் கேட்க வேண்டியிருந்தது. அவள் கேட்கவே இல்லை.

வைக்காத கணக்கை வைத்திருந்த ஃபோன்

முக்கூடலிலிருந்து வந்த ராத்திரி, அந்த மூவாயிரம் எந்தத் தேதியில் போனது என்று பார்க்க ஃபோனைத் திறந்தேன். அக்கா பெயரைத் தொட்டதும் மூன்று வருடமாக நான் அனுப்பியது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பொங்கலுக்கு, பேத்தி காதுகுத்துக்கு, மருந்துக்கு என்று குறிப்போடு. பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில், "அறுபதாயிரத்துக்கு மேல இருக்கும் போலிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். மொத்தம் எவ்வளவு என்பதுதான் எனக்கே தெரியாது. கையில் கொடுத்த காலத்தில் அது கூடப் பிறந்தவளுக்குச் செய்தது. ஃபோனில் கூட்டிப் பார்த்தபோது கடன் பாக்கி மாதிரி தெரிந்தது. மறுநாள் நானே உட்கார்ந்து பேசினேன். மாதம் இவ்வளவு அக்காவுக்கு என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். முன்பே பேசியிருக்க வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஃபோனில் கேட்டேன். "ஏட்டி, நான் அக்காவுக்கு ஒரு ரூபா அனுப்புனா அது யார் யாருக்குத் தெரியும்?" அவள் பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

யுபிஐ 2016-ல் வந்தது. நடுவில் இருந்து நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற நிறுவனம். நான் பணம் அனுப்பினால் என் வங்கி, அக்காவின் வங்கி, நடுவில் என்.பி.சி.ஐ., நான் பயன்படுத்தும் செயலியின் கம்பெனி ஆகிய நான்கு இடத்திலும் யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது பதிவாகும். அதை நம்மால் தடுக்க முடியாது. பணம் வழி தவறினால் தேடிப் பிடிக்க உதவுவதும் அந்தப் பதிவுதான். மனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி போட்ட வழக்கில் எழுந்த கேள்விக்கு வந்த பதில் அது. கம்பெனிகள் நம் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 2023-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

"ஆனா அம்மா, உங்க அக்காவைக் கஷ்டப்படுத்தினது இந்த நாலு பேருமில்லையே" என்றாள் மகள். அது உண்மைதான். வீட்டுக்குள் குறுஞ்செய்தி யார் ஃபோனுக்கு வருகிறது, பாஸ்புக்கை யார் வாசிக்கிறார்கள், ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதில்தான் எங்கள் கஷ்டம் இருந்தது. நான் எழுதிய குறிப்புகூடப் பல வங்கிகளில் பாஸ்புக்கில் அச்சாகி வந்துவிடுமாம். 'கண் ஆபரேஷனுக்கு' என்று நானே ஊருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன், அந்தத் தபால்காரர் மாதிரி.

கூலி வாங்குகிறவர்களிடம் கேட்டேன்

அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தை மனதில் இருந்ததால், களையெடுப்புக்கு வந்த பெண்களிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். அதுவரை சில்லறைத் தட்டுப்பாடு என்று மொத்தக் கூலியையும் கூட்டிவருகிற அம்மாவின் ஃபோனுக்கு அனுப்பிவிடுவேன், அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எனக்கு ஒரே வேலையாக முடிந்தது.

"உங்களுக்கு எப்படித் தந்தா தோதா இருக்கும்?" என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் வரப்பில் தள்ளி வந்து மெதுவாகச் சொன்னாள்: "யம்மா, எனக்குக் கையிலயே தந்திருங்க. ஃபோன்ல போட்டா அவிய ஃபோன்ல டிங்குன்னு கேக்கும். நான் வீடு போயிச் சேருமுன்ன துட்டு கடைக்குப் போயிரும்." எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. இன்னொருத்தி நேர்மாறாகச் சொன்னாள். கையில் இருந்தால் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், கணக்கில் விழுந்தால் மகள் படிப்புக்கு நிற்கும், அதனால் ஃபோனிலேயே போடுங்கள் என்றாள். ஒரே வயலில் வேலை செய்தவர்கள், ஒரே கூலி. ஒருத்திக்குப் பாதுகாப்பாக இருப்பது இன்னொருத்திக்கு ஆபத்தாக இருக்கிறது. இப்போது நாலு பேருக்கு ரொக்கமும் மூன்று பேருக்கு ஃபோனுமாகக் கொடுக்கிறேன். முந்தின நாளே சில்லறை மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ரொக்கத்தை அடியோடு விட்டுவிடக் கூடாது என்பதை 2023 டிசம்பரில் வந்த வெள்ளமும் காட்டிவிட்டுத்தான் போனது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. ஃபோனில் பணம் இருந்தும் பால் வாங்க முடியவில்லை. அன்றைக்குக் கை கொடுத்தது சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த நோட்டுகள்தான். பெரிதும் பாதித்த பகுதிகளுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாயையும் ரேஷன் கடையில் ரொக்கமாகத்தான் கொடுத்தார்கள்.

நாங்கள் செய்தது

கார்த்திகையில் ஒரு நாள் அக்காவை அழைத்துக்கொண்டு அவள் வங்கிக்குப் போனேன். போகும் முன்பு மகனிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். "எனக்குன்னு ஒரு நம்பர் வச்சுக்கிடுதேன். உன்னை நம்பலைன்னு இல்ல" என்று அவளே அவனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டை விட்டு நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா" என்றான். ஒளித்துச் செய்திருந்தால் அவனோடு தீராத மனக்கசப்பு வந்திருக்கும். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது.

பாஸ்புக், ஆதார் அட்டை இரண்டையும் எடுத்துப்போய், புதிதாக வாங்கிய பட்டன் ஃபோனின் நம்பரைக் கணக்கில் மாற்றித் தரப் படிவம் எழுதிக் கொடுத்தோம். பழைய நம்பரில் இருந்த யுபிஐ இணைப்பையும் எடுத்துவிடக் கேட்டுக்கொண்டோம். ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணையும் மாற்றினாள். எண்ணை அவளே போட்டாள், நான் திரும்பி நின்றுகொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வாங்கிய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைக்கக் கூடாது. எண் செயலிழந்து 90 நாள் போனால் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கியில் மாற்றாமல் விட்டால் நம் கணக்குச் செய்தி யாரோ முகம் தெரியாதவர் ஃபோனுக்குப் போகும்.

அக்காவால் ஆங்கிலத்தில் வரும் செய்தியை வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டினால் மறுபடியும் பழைய கதைதான். அதனால் நான் அனுப்பியதும் ஃபோன் போட்டு, "மழை பெஞ்சிட்டுக்கா" என்பேன். அவளுக்குப் புரிந்துவிடும். குறிப்பு எழுதும் இடத்தை இப்போது காலியாக விடுகிறேன். பணம் எடுக்க அவள் வங்கி வரை நடக்க வேண்டும். கால் முடியாத நாளில் தபால்காரரே வீட்டுக்கு வந்து, ஆதாரும் கைரேகையும் வைத்துக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வசதி அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கியில் இருக்கிறது. அதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். "ஆச்சி மோர் குடுத்த மாதிரி நானும் குடுக்கணுமோ?" என்றாள்.

என் பக்கத்திலும் சில மாற்றம் செய்தேன். உரக்கடை, இலைக்கடைச் சின்னச் செலவுகளை யுபிஐ லைட்டுக்கு மாற்றினேன். அதில் 5,000 ரூபாய் வரை ஏற்றிவைத்து, ஒரு தடவைக்கு 1,000 வரை செலவழிக்கலாம். ஏற்றிய தொகை மட்டும்தான் பாஸ்புக்கில் வரும், ஒவ்வொரு செலவும் வரிசையாக வராது. ஆனால் செயலியைத் திறந்தால் பட்டியல் இருக்கும். வாங்குகிறவர் கணக்கிலும் வழக்கம்போல் விழும். ஆகவே அது அனுப்புகிறவருக்குத்தான் மறைப்பு, வாங்குகிறவருக்கு இல்லை.

வாழை வியாபாரிகளிடம் நம்பர் கொடுப்பதிலும் கவனம் வந்திருக்கிறது. ஃபோன் நம்பரைச் செயலியில் தட்டினால் நம் பெயர் தெரிந்துவிடும். 2025 ஜூன் கடைசியிலிருந்து வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரையே காட்ட வேண்டும் என்பது விதி. தப்பான ஆளுக்கு அனுப்பாமல் இருக்க அது நல்லது. அதே நேரம் நம்பர் கிடைத்தவருக்கெல்லாம் பெயரும் கிடைக்கிறது. ஃபோன் நம்பர் இல்லாத ஒரு யுபிஐ முகவரியை மகள் எனக்கு அமைத்துக் கொடுத்தாள். புது ஆட்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. 'உங்களுக்குப் பணம் போட்டிருக்கேன், எண்ணைத் தட்டுங்க' என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று. ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐ-யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஏமாந்துபோனால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்கு ஃபோன் போட வேண்டும்.

கேட்டுவிட்டு அனுப்புங்கள்

மொய் என்றால் மைக்கில் பெயர் சொன்னால்தான் கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் மரியாதை. உதவிப் பணம் அப்படி இல்லை. வாங்குகிறவர் யாருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாரோ அவருக்குத்தான் தெரிய வேண்டும். ஃபோனுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் பார்க்க வேண்டியது நாம்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அனுப்புகிறான். 'ஃபோன்ல போடவா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'செய்தி யார் ஃபோனுக்கு வரும்? கையில் தந்தால் நல்லதா?' என்று ஒரு தடவை கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே பதில் இருக்கும்.

அக்காவுக்கு மாசியில் ஆபரேஷன் முடிந்தது. அந்த மூவாயிரத்தை மகன் இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அழைத்துப்போனதும் அவன்தான். இப்போது நூல் கட்டுகிற இடம் நன்றாகத் தெரிகிறதாம்.

பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்ததும் அவளுக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, இந்த மாசம் எப்படி? ஃபோனிலா, கையிலா?"

"கையிலதான். பஸ் ஏறி வா. உன் மூஞ்சியத் தெளிவாப் பாத்து எத்தனை வருஷமாச்சு" என்றாள்.

ஒரு சீப்பு கதலியும், புது நெல்லை அவித்து அரைத்த கொஞ்சம் அரிசியும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். நோட்டை நாலாக மடித்து வைத்திருந்தேன்.